100 மி.மீ. கர்ணம்: மண்டபத்து லேத் பட்டறையில் ஒரு சைன் பார்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவதும், எஞ்சினை இறக்குவதும், புரொப்பெல்லரைச் சுழற்றும் சாஃப்ட்டைக் கழற்றி நேர் பார்ப்பதும் மண்டபம், பாம்பன், ராமேசுவரம் கரைகளில் அந்த நாள்களில்தான் நடக்கும் என்பதால், மண்டபத்தில் இருக்கும் எங்கள் சிறிய லேத் பட்டறைக்கு வேலை முழுவதும் ஒரே நேரத்தில் வந்து குவியும். அந்த வேலையை மனத்தில் வைத்து வாங்கிய 100 மி.மீ. சைன் பார் (கோணத்தை அமைத்துச் சோதிக்கும் எஃகுக் கருவி) ஒன்றை இரண்டு தடைக்காலங்களில் பயன்படுத்திப் பார்த்த பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். கருவி நல்லது, டேப்பர், அதாவது கூம்பாகச் சரியும் முனை, கடைகிற பட்டறைகள் வாங்கலாம் என்பதே என் முடிவு. ஆனால் ஸ்லிப் கேஜ் (துல்லிய உயரமுள்ள அளவுக் கட்டைகள்) பெட்டி, சர்ஃபேஸ் பிளேட் (சமதளப் பலகை), டயல் கேஜ் (நுண்ணிய ஏற்ற இறக்கத்தை ஊசியால் காட்டும் கருவி) ஆகிய மூன்றும் உடன் இல்லாவிட்டால் அது மேசையில் கிடக்கும் ஓர் எஃகுத் துண்டுதான். ஒன்பதாம் வகுப்பில் படித்த செங்கோண முக்கோணம் மறந்து போயிருந்தால் இவை எல்லாம் இருந்தும் பயனில்லை.

எதற்காக இதை வாங்க நேர்ந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். புரொப்பெல்லரைச் சாஃப்ட்டோடு பிடித்து வைப்பது முதன்மையாக டேப்பரின் இறுக்கம்தான். இரண்டுக்கும் இடையில் காடியில் செருகும் கீ என்ற சிறு எஃகுக் கட்டை அதற்குத் துணை நிற்கிறது. டேப்பர் முழு நீளத்துக்கும் உட்காராமல் ஒரு முனையில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால், எஞ்சின் முன்னும் பின்னும் போடப்படும் ஒவ்வொரு முறையும் புரொப்பெல்லர் நூலளவு அசையும். அசைந்து அசைந்து டேப்பரின் மேல்பரப்பு அரித்து, சுமை முழுவதும் கீயின் மேல் விழுந்து, கடைசியில் கீ வெட்டுப்படும் அல்லது கீ உட்காரும் காடியான கீவேயின் மூலையிலிருந்து சாஃப்ட்டில் விரிசல் ஓடும். இங்கே வரும் சாஃப்ட்டுகளில் பெரும்பாலானவை 1:10 டேப்பர் கொண்டவை, அதாவது 100 மி.மீ. நீளத்தில் விட்டம் 50 மி.மீ. என்பதிலிருந்து 40 மி.மீ. என்று குறைகிறது. மைய அச்சிலிருந்து பார்த்தால் ஒரு பக்கத்துக்கு 5 மி.மீ. சரிவு, அதற்கு 100 மி.மீ. நீளம், டேன்ஜென்ட் 0.05, கோணம் 2 டிகிரி 51 நிமிடம் 45 விநாடி.

இந்தக் கோணத்துக்கு லேத்தில் வெட்டும் உளியைச் சாய்வாக நகர்த்தும் காம்பவுண்ட் ஸ்லைடைத் திருப்ப வேண்டும். ஆனால் அதன் அடிவட்டில் இருக்கும் கோடுகள் ஒரு டிகிரிக்கு ஒன்று. கண் பார்வையில் கால் டிகிரி பிசகுவது சாதாரணம். அந்தக் கால் டிகிரி, 100 மி.மீ. நீளத்தில் விட்டத்தை 0.87 மி.மீ. மாற்றிவிடும். வெர்னியர் பெவல் புரோட்ராக்டர் என்ற கோணமானி 5 நிமிடம் வரை காட்டும் என்றாலும், அந்த 5 நிமிடமே விட்டத்தில் 0.29 மி.மீ. ஆகிறது. ஆகவே பல ஆண்டுகளாக எங்கள் வழக்கம், புரொப்பெல்லரின் துளையில் நீல மை தடவிச் சாஃப்ட்டில் ஏற்றிப் பார்த்து, மை பட்ட இடத்தை வைத்து ஸ்லைடைச் சுத்தியல் பிடியால் மெல்லத் தட்டித் தட்டித் திருத்துவதாகவே இருந்தது. அரை நாள் போகும். சாஃப்ட்டின் பொருளும் ஒவ்வொரு திருத்தத்திலும் குறைந்துகொண்டே போகும்.

சில ஆண்டுகளுக்கு முன், தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போன படகு ஒன்று பத்தாம் நாளே திரும்பி வந்தது. "அண்ணே, நட்டை எவ்வளவு முறுக்குனாலும் நிக்க மாட்டேங்குது" என்றார் படகுக்காரத் தம்பி. கழற்றிப் பார்த்தபோது டேப்பரின் பெரிய முனையில் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டுமே தொட்ட தடம் இருந்தது, மற்ற இடமெல்லாம் கடைசல் கோடு அப்படியே புதிதாக இருந்தது. அந்தச் சாஃப்ட்டை வெட்டியவன் நான்தான். அவருக்குப் பத்து நாள் தொழில் போனது. கோணத்தை முறையாகச் சோதிக்கும் கருவி இல்லாமல் இனி இந்த வேலையைச் செய்யக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

சைன் பாரின் அமைப்பு மிக எளியது. நேராகத் தீட்டப்பட்ட எஃகுச் சட்டத்தின் இரு முனைகளிலும் ஒரே விட்டமுள்ள இரண்டு உருளைகள் பொருத்தப்பட்டிருக்கும். அவற்றின் மையங்களுக்கு இடையிலான தொலைவு சரியாக 100 மி.மீ. ஓர் உருளையைச் சர்ஃபேஸ் பிளேட்டின் மேலும் மற்றதை ஸ்லிப் கேஜ் அடுக்கின் மேலும் வைத்தால், கர்ணம் 100, எதிர்ப்பக்கம் அடுக்கின் உயரம் என்று ஒரு செங்கோண முக்கோணம் உருவாகிறது. உயரத்தை 100-ஆல் வகுத்தால் கோணத்தின் சைன் மதிப்பு. 30 டிகிரி வேண்டுமானால் 50 மி.மீ. அடுக்க வேண்டும். எங்களைப் போன்ற பட்டறையில் கோணத்தை நேரடியாக விநாடிக் கணக்கில் அளக்க வழியே இல்லை. ஆனால் நீளத்தை மைக்ரான் கணக்கில் அமைக்க ஸ்லிப் கேஜால் முடியும். அளக்க முடியாத ஒன்றை அளக்க முடிந்த ஒன்றாக மாற்றிக் கொடுப்பதுதான் இந்தக் கருவியின் மதிப்பு, அதைத்தான் நாம் காசு கொடுத்து வாங்குகிறோம்.

வாங்கியவுடன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு, இதை யாரும் தவிர்க்கக்கூடாது. எனக்கு வந்த பாரின் உருளை விட்டம் 20 மி.மீ.; ஆகவே இரண்டு உருளைகளின் வெளிப்புறத்தை 100–125 மி.மீ. அளக்கும் மைக்ரோமீட்டரால் அளந்தால் 120.00 வர வேண்டும். முதலில் வந்த பார் 119.96 காட்டியது. மைக்ரோமீட்டரைத் துடைத்து, அதன் நிலைக்கோலை வைத்துச் சரிபார்த்து, மீண்டும் அளந்தும் அதே எண். அதாவது கர்ணம் 99.96 மட்டுமே. விற்றவர் பெயர் இங்கே வேண்டாம். வாதாடாமல் மாற்றிக் கொடுத்தார், ஆனால் மூன்று வாரம் ஆயிற்று. இரண்டாவதாக வந்தது 120.00 காட்டியது, அடுக்கு எதுவும் இல்லாமல் பிளேட்டின் மேல் வைத்து மேற்பரப்பில் டயல் கேஜை ஓட்டியபோது ஊசி அசையவில்லை. இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுவது அதுதான்.

அந்த 0.04 மி.மீ. குறைவு எவ்வளவு தீங்கு செய்யும் என்று கணக்கிட்டுப் பார்த்ததில் எனக்கு ஒரு தெளிவு கிடைத்தது. 1:10 டேப்பரைச் சோதிக்கும் கோணத்தில் அந்தப் பிழை ஏறக்குறைய 8 விநாடிதான். எங்கள் சாஃப்ட்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அதே பாரை 45 டிகிரிக்கு நிறுத்தினால் பிழை 80 விநாடியைத் தாண்டுகிறது, 60 டிகிரிக்கு நிறுத்தினால் 2 நிமிடத்தைத் தாண்டுகிறது. கர்ணத்தில் இருக்கும் பிழை கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்போடு சேர்ந்து பெருகுவதே காரணம். சைன் பாரை 45 டிகிரிக்கு மேல் பயன்படுத்தாதே என்று டர்னர் பயிற்சியில் சொல்லிக் கொடுப்பார்கள், ஆனால் ஏன் என்று எனக்கு யாரும் விளக்கியதில்லை. 60 டிகிரி வேண்டுமானால் அதன் நிரப்புக் கோணமான 30 டிகிரியை அமைத்து, செங்கோணத் தட்டு ஒன்றின் துணையோடு சோதிப்பதே முறை.

இனி, வேலையில் அது எப்படி நடந்துகொண்டது என்பதைச் சொல்கிறேன். இரண்டு மீட்டருக்கு மேல் நீளமுள்ள சாஃப்ட்டை 100 மி.மீ. பாரின் மேல் வைக்க முடியாது. இதை எதிர்பார்த்து வாங்குகிறவர்கள் ஏமாந்து போவார்கள். நாங்கள் செய்தது, 80 மி.மீ. நீளத்தில் 1:10 டேப்பர் பிளக் (கூம்பு வடிவ மாதிரித் துண்டு) ஒன்றைத் தனியாகக் கடைந்து, அதைச் சைன் பாரில் சோதித்துத் திருத்தி, மூலப் பிளக்காக வைத்துக்கொண்டதுதான். சாஃப்ட் வேலை வரும்போது அந்தப் பிளக்கை லேத்தின் இரு சென்டர்களுக்கு இடையில் மாட்டி, உளியைப் பிடிக்கும் டூல் போஸ்டில் டயல் கேஜைப் பொருத்தி, காம்பவுண்ட் ஸ்லைடை ஓட்டும்போது ஊசி அசையாமல் நிற்கும் நிலை வரும் வரை ஸ்லைடைத் திருத்துகிறோம். முன்பு அரை நாள் எடுத்த அமைப்பு இப்போது இருபது நிமிடத்தில் முடிகிறது, பொருளும் வீணாவதில்லை.

முதல் பிளக்கைச் சோதிக்க நான் அடுக்கியது 10 மி.மீ. டேப்பர் 1:10, பாரின் நீளம் 100, ஆகவே உயரம் 10 என்று மனம் தானாகக் கணக்குப் போட்டுவிட்டது. அது தவறு. பிளக்கின் அடிச்சரிவு பாரின் மேல் படிந்து, மேற்சரிவு தரைக்கு இணையாக வர வேண்டுமானால், பாரை நிறுத்த வேண்டியது அரைக் கோணத்துக்கு அன்று, முழுக் கோணத்துக்கு. 2 டிகிரி 51 நிமிடம் 45 விநாடியின் இரு மடங்கு, ஏறக்குறைய 5 டிகிரி 43 நிமிடம் 29 விநாடி. அதன் சைன் மதிப்பு 0.09975, எனவே உயரம் 9.975 மி.மீ. டேப்பரின் 10 என்பது அச்சின் வழியாக அளந்த நீளத்தைக் குறிக்கிறது, பாரின் 100 என்பதோ சாய்ந்து கிடக்கும் கர்ணம். இரண்டும் ஒரே நீளம் என்று நினைத்த அந்த ஒரு கணத்தின் விலை 0.025 மி.மீ. உயரப் பிழை, கோணத்தில் 50 விநாடிக்குச் சற்று மேல், 80 மி.மீ. பிளக்கில் டயல் ஊசி 0.02 நகர்வது. பிளக் சரியாக இருந்தும் நான் அதைத் தவறென்று எண்ணித் திருத்தப் போனேன். நல்ல வேளையாக, கை வைக்கும் முன் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தேன்.

87 துண்டு ஸ்லிப் கேஜ் பெட்டியில் 9.975 அமைப்பது எளிது: 1.005, 1.47, 7.5 மூன்றையும் முகத்தோடு முகம் அழுத்தி ஒட்டினால் போதும். கடைசி இலக்கத்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வருவதே முறை. பிளக்கின் சிறிய முனை, பாரின் உயர்ந்த பக்கம் இருக்க வேண்டும் என்பதையும் சொல்லி வைக்கிறேன்; மாற்றி வைத்தால் சரிவு இரட்டிப்பாகிவிடும், ஊசி எல்லை தாண்டி ஓடிவிடும்.

பட்டறைக்கு வரும் ஐ.டி.ஐ. பயிற்சிப் பையன்களுக்கு இதை விளக்கும்போது நான் கவனித்தது, முக்கோணவியல் அவர்களுக்குத் தெரியாமல் இல்லை என்பதுதான். கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து பார்த்தால் படகின் இறக்கக் கோணம் இவ்வளவு, படகு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்ற பத்தாம் வகுப்புக் கணக்கைப் பாம்பன் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொண்டே போட்டு மதிப்பெண் வாங்கியவர்கள் அவர்கள். அந்த முக்கோணமே கைக்குள் அடங்கும் அளவில் பிளேட்டின் மேல் நிற்கிறது என்று காட்டினால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். தடுமாறுவது இரண்டு இடங்களில். கைப்பேசிக் கணிப்பானில் 2 டிகிரி 51 நிமிடம் 45 விநாடியை 2.5145 என்று அடித்துவிடுகிறார்கள். 51-ஐ 60-ஆலும் 45-ஐ 3600-ஆலும் வகுத்துக் கூட்டினால் வருவது 2.8625. மற்றது, கணிப்பான் ரேடியனில் இருப்பதைக் கவனிக்காமல் விடுவது. 30-க்குச் சைன் 0.5 வருகிறதா என்று முதலில் பார்த்துவிட்டே மற்றதை அடிக்க வேண்டும் என்பது எங்கள் பட்டறையில் இப்போது சட்டம்.

கர்ணத்தைக் காண்பதற்குப் பழஞ்செய்யுள் ஒன்றில் சொல்லப்பட்டதாகப் பரவியிருக்கும் குறுக்கு வழியையும் ஒரு பையன் கேட்டான்: நீளப் பக்கத்தில் எட்டில் ஒரு பங்கைத் தள்ளிவிட்டு, உயரத்தில் பாதியைச் சேர்த்தால் கர்ணம். 3, 4 பக்கங்களுக்கு 5 என்றும், 5, 12 பக்கங்களுக்கு 13 என்றும் அது மிகச் சரியாக வருகிறது. ஆனால் எங்கள் டேப்பரின் 20, 1 பக்கங்களுக்கு அது 18 என்று சொல்கிறது, உண்மையான கர்ணமோ 20.025. சரிவு குறைந்த முக்கோணத்துக்கு அந்த வழி பொருந்தாது. டேப்பர் வேலையில் அதை எடுக்கவே கூடாது.

வெயிலைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அளவுக் கருவிகளில் குறித்த அளவு 20 டிகிரி செல்சியஸ் வெப்பநிலைக்கு உரியது. மே மாதத்தில் எங்கள் பட்டறை 35-ஐ எளிதாகத் தொடும். அந்த 15 டிகிரியில் 100 மி.மீ. எஃகு ஏறக்குறைய 0.017 மி.மீ. நீளும். ஆனால் பாரும் ஸ்லிப் கேஜும் ஒரே விகிதத்தில் நீள்வதால் முக்கோணம் பெரிதாகிறதே தவிர அதன் வடிவம் மாறுவதில்லை, சைன் மதிப்பும் மாறுவதில்லை. குளிர்சாதன அறை இல்லாத கடற்கரைப் பட்டறைக்கு இதைவிடப் பொருத்தமான கோணக் கருவி இருக்க முடியாது என்று நான் சொல்வது இதனால்தான். கடைந்து முடித்த சூடு ஆறாத பிளக்கை அப்படியே எடுத்து வைத்துப் பார்ப்பது மட்டும் ஆகாது. ஒரு பக்கம் சூடாகவும் மறு பக்கம் ஆறியும் இருக்கும் துண்டு கூம்பாகவே இருக்காது. நாங்கள் பிளக்கையும் பாரையும் பிளேட்டின் மேல் இரவு முழுவதும் ஒன்றாக வைத்துவிட்டுக் காலையில் அளக்கிறோம்.

குறை என்று சொன்னால் துருதான், அதைக் கருவியின் குறை என்பதைவிட எங்கள் காற்றின் குணம் என்றே சொல்ல வேண்டும். இரும்பை உப்புக்காற்று எப்படி அரிக்கிறது என்று ஆராய்வதற்காகவே காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில், பட்டுத்துணி ஒட்டிய மரப்பெட்டியில் சைன் பாரை வைத்துக் கொடுப்பது பொருத்தமில்லை. அந்தத் துணி ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்கிறது. முதல் மழைக்காலத்திலேயே பாரின் பக்கவாட்டில் விரல் ரேகை வடிவத்தில் துருப் படிந்தது. உருளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது ஆறுதல். இப்போது பயன்படுத்தியவுடன் வெள்ளைப் பெட்ரோலால் துடைத்து, வாசலின் மெல்லப் பூசி, துருத்தடுப்புத் தாளில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் வைக்கிறோம். ஸ்லிப் கேஜ்களை ஒட்டிய நிலையில் இரவில் விட்டுவிடக்கூடாது. ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு, பிரிக்கும்போது முகம் கீறிவிடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணல் வேறு வருகிறது. கதவை அடைத்து, பிளேட்டை உள்ளங்கையால் தடவிப் பார்த்த பிறகே அளக்க முடிகிறது.

பிளேட் வாங்குகிறவர்கள் இங்கே வார்ப்பிரும்பைத் தவிர்த்துக் கிரானைட் வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. துருப் பிடிக்காது, எதுவும் விழுந்து அடிபட்டாலும் சில்லுப் பெயரும், பிசிர் எழும்பாது. பீங்கான் ஸ்லிப் கேஜ்களும் கிடைக்கின்றன, அவையும் துருப் பிடிக்காதவை, ஆனால் விலை எங்கள் கைக்கு எட்டவில்லை. எஃகு ஸ்லிப் கேஜ் பெட்டியே சைன் பாரைப் போலப் பல மடங்கு விலை என்பதால், பாரின் விலையை மட்டும் பார்த்துவிட்டு வாங்க முடிவு செய்யாதீர்கள்.

டேப்பர் வேலை இல்லாத பட்டறைகளுக்கு இது தேவையில்லை. இரண்டு சாஃப்ட்டுகளை இணைக்கும் வட்டத் தகடான கப்ளிங் ஃபிளாஞ்சில் போல்ட் துளை பிரிப்பதற்கு முக்கோணக் கணக்கு மட்டும் போதும்: துளை வட்டத்தின் விட்டத்தை, 180-ஐத் துளை எண்ணிக்கையால் வகுத்து வரும் கோணத்தின் சைனால் பெருக்கினால் அடுத்தடுத்த துளைகளின் இடைவெளி. 120 மி.மீ. வட்டத்தில் ஆறு துளை என்றால் 60, ஐந்து துளை என்றால் 70.53, டிவைடரை விரித்துக் குத்திவிடலாம். சைன் என்பதே பழைய இந்தியக் கணிதத்தில் வட்டத்தின் அரை நாணாகப் பிறந்ததுதான், ஆரியபட்டர் 24 மதிப்புகளை அந்த முறையில்தான் கொடுத்தார். 40 மி.மீ. சாஃப்ட்டில் 12 மி.மீ. கீவே வெட்டும்போது வளைவின் முகட்டிலிருந்து கட்டரின் ஓரம் தொடும் ஆழம் 0.92 மி.மீ. என்பதற்குச் சைனும் வேண்டாம், பிதாகரஸ் தேற்றம் போதும்.

100-ஆ, 200-ஆ என்ற கேள்விக்கு, இடமும் பணமும் இருந்தால் 200 வாங்குங்கள் என்பேன். உயரத்தில் 0.005 மி.மீ. பிழை நேர்ந்தால் 100 மி.மீ. பாரில் அது 10 விநாடி, 200 மி.மீ. பாரில் 5 விநாடி. நீளமான பிளக்கும் அதில் அசையாமல் உட்காரும். எங்கள் 80 மி.மீ. பிளக்கைத் தாங்கிப் பிடிக்கவே முனைத் தடுப்பு இல்லாத இந்தப் பாரில் சிரமமாக இருந்தது, கடைசியில் சிறிய எல் வடிவத் தகடு ஒன்றை நாங்களே வெட்டி முனையில் திருகிக்கொண்டோம். தயாரிப்பாளர் அதைச் சேர்த்தே கொடுத்திருக்கலாம்.

எங்களிடம் வரும் பழைய புரொப்பெல்லர்களில் சிலவற்றின் துளை 1:12 டேப்பராக இருக்கிறது. அவற்றுக்கான இரண்டாவது பிளக்கை அடுத்த ஏப்ரலுக்குள் கடைந்து முடிக்க வேண்டும். அதற்கான உயரம் 8.319 மி.மீ.; அடுக்கு 1.009, 1.31, 6.